மூணுக்கு இறக்கியவர்

அவரைப் பற்றி எழுத உட்காரும்போதே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதுகிறேன். மனசுக்குள் ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை. நாமக்கல்லில் கண் மருத்துவம் பார்க்கும் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன். கண் சொட்டு மருந்தைக் காதில் விட்டுக்கொண்டு வந்தவர் உண்டு. கண்புரை எடுத்த மறுநாளே தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கப் போனவர் உண்டு. அந்தக் கோபமெல்லாம் சாயங்காலம் ஒரு காபி குடித்தால் போய்விடும். இவர் மேல் வந்தது மட்டும் இத்தனை வருஷம் கழித்தும் ஆறவில்லை.

ஆள் பார்க்க நல்ல தோரணைதான். சலவை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, பையில் ஒரு பேனா, கையில் எந்நேரமும் போன். ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்தார். பீடி, சிகரெட், குடி எதுவும் தனக்குக் கிடையாது என்று அவரே சொன்னார். இதுவரை பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்ததில்லை என்றும் சொன்னார், யாரும் கேட்காமலே. அதற்கு நாங்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. அடுத்தவருக்கு வாய் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்து வரும். காத்திருக்கும் இடத்தில் ஒரு லாரி டிரைவர் நர்ஸிடம், கண்ணில் ஒட்டிய பிளாஸ்திரியை எப்போது எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறான். நர்ஸ் வாயைத் திறக்குமுன் இவர், “இப்பவே எடுத்துரலாமுங்க, காத்துப் பட்டாத்தான் ஆறும்” என்றிருக்கிறார். அந்த அப்பாவியும் அங்கேயே உரித்துப் போட்டுவிட்டு உள்ளே வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். யார் சொன்னது என்று கேட்டேன். வெளியே உட்கார்ந்திருக்கிற டாக்டர் சொன்னார் என்றான். எட்டிப் பார்த்தேன். கால்மேல் கால் போட்டுக்கொண்டு அடுத்த ஆளுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நோயாளி அவர் இல்லை, அவர் மனைவி. ஒடிசலான உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயசு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் தடவை வந்தபோது, அந்த அம்மாவிடம் “பேர் என்னம்மா?” என்றேன். அவர் சொன்னார். வயசு கேட்டேன். அவர் சொன்னார். கண் வலிக்குதா என்று கேட்டேன். வலியெல்லாம் ஒன்றுமில்லை, நன்றாகத் தெரிகிறது என்று அதையும் கணவரே சொன்னார். எனக்குச் சுருக்கென்று வந்தது. கண் உங்களதா அவங்களதா என்று கேட்டேன். நான் ஏதோ பாராட்டியதுபோலச் சிரித்தார்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே டாக்டரம்மா.”

ஒன்றா? அந்த அம்மாவுக்கு இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கடைசியில் வெளிச்சம்கூடத் தெரியாமல் அணைந்துவிட்டது. ஓரமெல்லாம் இருட்டுகிறது என்று அவர் முதலில் சொன்னபோது, வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னவர் இந்த மகானுபாவர்தான். அது முழுசாகப் போன பிறகு வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே வலது கண்ணில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் ஒரு சின்ன மடை வெட்டி, உள்ளே தேங்கும் நீர் மெல்ல வெளியே கசியும்படி செய்வது அந்த ஆபரேஷன். நல்லபடியாகத்தான் செய்திருந்தார்கள். அடிக்கடி அவ்வளவு தூரம் போக முடியாது என்று அடுத்தடுத்த பரிசோதனைக்கு என்னிடம் வந்தார்கள். ஆக, அந்த அம்மாவுக்கு இந்த உலகத்தைப் பார்க்க மிச்சமிருந்தது அந்த ஒரு கண்தான்.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னோம். எங்கள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பவர் பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், கெட்டிக்காரி. அவள் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டக் காட்ட, அந்த அம்மா தட்டுத்தடுமாறி கடைசி வரி வரைக்கும் சொல்லிவிட்டார். பின்னால் நின்றிருந்த இவருடைய உதடு அசைவதை அந்தப் பெண் பார்த்துவிட்டு என்னிடம் கண்ணைக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் பிட் அடிக்க உதவுகிறவன் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே நிற்கச் சொன்னால், “அவளுக்குக் கூச்சமுங்க, நான் இருந்தாத்தான் வாயத் தொறப்பா” என்றார். அவர் இருந்தால் அந்த வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்து அழுத்தம் பார்க்க வேண்டும். முகவாயை மெஷினில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, அசையாமல் மூச்சைச் சாதாரணமாக விட்டுக்கொண்டு இருந்தால் போதும். ஒரு நிமிஷ வேலை. இந்த மனிதர் பாய்ந்து வந்து இரண்டு கையாலும் மனைவியின் தலையைப் பிடித்து மெஷினில் வைத்து அழுத்தினார். விடுங்கள் என்றேன். விடவில்லை.

“எத்தன ஆயிரம் குஞ்சுக்கு இந்தக் கையில கண்ணுல சொட்டு மருந்து உட்டுருப்பனுங்க. தாடையப் புடிச்சு இப்பிடி ஒரு திருப்புத் திருப்புனா அசையாது பாருங்க” என்றார்.

பண்ணையில் கோழிக்குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்தைக் கண்ணில்தான் சொட்டு விடுவார்கள். அந்தப் பிடியைத்தான் கட்டிய மனைவியின் தலைக்கும் போட்டிருந்தார். அந்த அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு, இமையை இறுக்கிக்கொண்டு, நகத்தால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படி இறுக்கினால் கண்ணின் அழுத்த எண் எகிறத்தான் செய்யும். பதினான்கு காட்டியது. நான் குறிப்பில் பதினான்கு என்று மட்டும் எழுதவில்லை. கணவர் தலையைப் பிடித்திருந்தார், நோயாளி மூச்சை அடக்கிக் கண்ணை இறுக்கினார், இந்த அளவை நம்ப முடியாது, மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதினேன். எண்ணை எழுதினால் அதை எப்படி எடுத்தோம் என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் எழுதாமலே இருக்கலாம் என்பது என் பிடிவாதம். ஒரு வாரத்தில் வேறு யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் காதில் விழுந்தது பதினான்கு மட்டும்தான்.

“பதினாலுங்களா? இன்னும் எறக்கோணுமே” என்று சொல்லிக்கொண்டே போனார்.

போகிற வழியில் கீழே கண்ணாடிக் கடையில் நின்று மனைவிக்குப் படிக்கிற கண்ணாடிக்கு ஃபிரேம் பார்த்திருக்கிறார். எப்படித் தெரியுமா? ஒவ்வொன்றாகத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்து, தனக்கு எடுப்பாக இருந்ததை வாங்கியிருக்கிறார். கடைக்காரப் பையன் அந்த அம்மா மூக்கில் மாட்டிப் பார்க்கலாமே என்று சொன்னதற்கு, அவளுக்கு என்ன தெரியும் என்றாராம். அடுத்த தடவை வந்தபோது அந்த ஃபிரேம் அந்த அம்மாவின் மூக்கிலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த அடுத்த தடவை ஒரு வாரத்தில் வரவில்லை. கோழி வேலை ஒழிந்தபோதுதான் வந்தார்கள், துணைக்கு அதே ஆள்தான். ஒரு அட்டை முட்டை கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எல்லாம் விலைபோகாத சின்னச் சின்ன முட்டைகள். அவற்றை எப்படி வேகவைக்க வேண்டும் என்று நர்ஸுக்குப் பாடமும் எடுத்தார். நான் அட்டையை அப்படியே காத்திருந்தவர்களுக்குக் கொடுத்து அனுப்பச் சொன்னேன்.

அன்றைக்குக் கடவுள் என் பக்கம் இருந்தார். நாமக்கல்லில் முட்டை விலை சொல்கிற நேரம் வந்தது. அந்த நேரத்துக்கு இந்த ஊரில் பாதிப் பேர் போனும் கையுமாக இருப்பார்கள். கல்யாண வீடாக இருந்தாலும் துக்க வீடாக இருந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். இவருக்கும் போன் அடித்தது. உள்ளே சிக்னல் சரியாக இல்லை. வாரேனுங்க என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

“இப்பச் சொல்லுங்கம்மா. எது வரைக்கும் தெரியுது?”

அந்த அம்மா ஒரு தடவை கதவைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

“மேல ரெண்டு வரிதானுங்க தெரியுது. மத்ததெல்லாம் நெளியுதுங்க.”

போன தடவை கடைசி வரி வரைக்கும் சொன்னீர்களே என்றேன். கணவர் முணுமுணுத்ததைத்தான் திருப்பிச் சொன்னதாகச் சொன்னார். குரலில் வருத்தம்கூட இல்லை, பழகிப்போன விஷயம்போல இருந்தது. எத்தனை நாளாக நெளிகிறது என்று கேட்டேன். வீட்டுக் கம்பிக் கதவின் கம்பியெல்லாம் வளைந்து தெரிவதாகவும், ஆபரேஷன் ஆன புதிதில் இப்படி இல்லை என்றும் சொன்னார். வீட்டில் சொன்னீர்களா என்றேன். சொன்னாராம். கம்பி நேராகத்தான் இருக்கிறது என்று கணவர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம்.

முகவாயை மெஷினில் வைக்கச் சொல்லி, மூச்சை நன்றாக விடுங்கள், யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை என்றேன். தோள் இறங்கியது. எண் மூன்று. மெஷின் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டு மறுபடி எடுத்தேன். மூன்று. பவர் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு, நான் எடுத்த எண்ணைச் சொல்லாமல், நீ எடு என்றேன். அவளுக்கும் மூன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் புரியாது. கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும். பொதுவாகப் பத்திலிருந்து இருபது வரை இருந்தால் கண் தன் உருண்டையில் நிற்கும். ஏறினால் நரம்பு செத்துப்போகும் என்பது இப்போது பல பேருக்குத் தெரியும். ரொம்ப இறங்கினாலும் ஆபத்து என்பது யாருக்கும் தெரியாது. ஐந்து, நான்கு என்று போனால் கண் காற்றிறங்கின டயராகத் தளர்ந்துவிடும். உள்ளே விரிந்திருக்கும் விழித்திரை சுருக்கம் விழுந்துபோகும். சுருக்கம் விழுந்த திரையில் நேர்கோடு எப்படி நேராகத் தெரியும்? நாள்பட விட்டால் அந்தச் சுருக்கம் அப்படியே தங்கிவிடும், பிறகு யார் வந்தாலும் நீவி எடுக்க முடியாது. நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சர்க்கரை இறங்கினால் சந்தோஷம், கொழுப்பு இறங்கினால் சந்தோஷம், கண் அழுத்தம் இறங்கினால் மட்டும் ஏன் அழ வேண்டும் என்பார்கள். இவரோ கோழிப்பண்ணைக்காரர். தீவனச் செலவு இறங்க வேண்டும், சாகிற கோழி குறைய வேண்டும். முட்டை விலை ஒன்றைத் தவிர வாழ்க்கையில் எல்லா எண்ணும் இறங்க வேண்டும் என்று இருக்கிறவர்.

ஆபரேஷன் செய்த இடத்தில் ஏதாவது ஒழுகுகிறதா என்று பச்சைச் சாயத் தாளைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். ஒழுகல் இல்லை. தையல் விட்டுப்போகவில்லை. மடைமேல் நீர் கசிந்து நிற்கும் கொப்புளம் மட்டும் அகலமாகப் பரந்து கிடந்தது. ஸ்கேனில் விழித்திரை, சரியாக இழுத்துக் கட்டாத தார்ப்பாய் மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்தது. எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு பேர் தனித்தனியாக எடுத்தது, தலையை யாரும் பிடிக்கவில்லை, ஒழுகல் இல்லை, மடிப்பு உண்டு, படத்தோடு சேர்த்து. ஒழுகவில்லை என்றால் இவ்வளவு நீர் எப்படி வெளியே போகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

திறந்தேன். கதவைச் சாத்தியதற்கு அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். முட்டை விலை ஏறியிருந்தது போலிருக்கிறது, முகம் மலர்ந்துதான் இருந்தது. எவ்வளவுங்க என்று கேட்டார். மூன்று என்றேன். அந்த முகத்தை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். பேரன் பிறந்திருக்கிறான் என்று சொன்னால்கூட ஒரு மனுஷன் அப்படிப் பூரித்துப்போக மாட்டான்.

“மூணுங்களா! முப்பதுக்கு மேல இருந்துச்சுங்க. நாந்தானுங்க மூணுக்கு எறக்குனேன்.”

எப்படி இறக்கினீர்கள் என்றேன். பெருமையாகச் சொன்னார். ஆபரேஷன் முடிந்த கையோடு அந்த ஆஸ்பத்திரியில், மடை அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் கீழ் இமை வழியாகக் கண்ணை மெல்ல அமுக்கிவிடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சிலருக்கு அது தேவைதான். கொஞ்ச நாளைக்கு மட்டும், அடுத்து வந்து காட்டியதும் நிறுத்திவிட வேண்டும் என்று அவர்கள் கொடுத்த சீட்டிலேயே எழுதியிருந்தது. இவர் காட்டப் போகவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. காலையில் கோழிக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து ஒரு அமுக்கு, சாயங்காலம் ஒரு அமுக்கு. மாசக்கணக்கில். நான் பதினான்கு என்று சொன்னதும், இன்னும் போதவில்லை என்று கட்டை விரலைக் கொஞ்சம் பலமாகவே வைத்திருக்கிறார். அவரே தலையை இறுக்கிப் பிடித்ததால் ஏறிய எண் அது. அதை இறக்க அவரே மறுபடி அந்தக் கண்ணை நசுக்கியிருக்கிறார். இப்படி ஒரு சுற்றைக் கோழிக்குக்கூட யாரும் போட மாட்டார்கள்.

எப்படி அமுக்குவது என்று எனக்குச் செய்துகாட்ட அவர் கை மனைவியின் முகத்தை நோக்கி நீண்டது. பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன். நோயாளி வீட்டு ஆளை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். அதற்கு இன்றுவரைக்கும் வருத்தப்படவில்லை.

அரை மணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். லாரி ஊர் ஆயிற்றே என்று டயரை வைத்து விளக்கினேன். காற்று அதிகமானால் வெடிக்கும், காற்றே இல்லாவிட்டால் வண்டி ஓடுமா என்று கேட்டேன். “அது டயருங்க, இது கண்ணுங்க” என்றார் அந்த மேதாவி. இனிமேல் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி, சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து வந்தார்கள். கை படாமல் இருந்ததற்கு எட்டு வரை ஏறியிருந்தது. எனக்கு உயிரே வந்தது. அந்த அம்மாவுக்கும் இன்னும் ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தது. நல்ல செய்தி என்று சொன்னேன். இவருக்கு வேர்த்துவிட்டது. “ஏறுதுங்களே, ஏறுதுங்களே” என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் மறுபடி மூன்று.

இந்தத் தடவை அவரை உள்ளேயே விடவில்லை. பவர் பார்க்கும் பெண்ணிடம், அந்த ஆளைக் கீழே கண்ணாடிக் கடையிலேயே உட்காரவை என்று சொல்லிவிட்டேன். மெஷினிலிருந்து நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நேத்தும் அமுக்குனாருங்க” என்றார் மெதுவாக.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, கையைத் தள்ளிவிட்டால் என்ன, உங்கள் கண் இல்லையா இது, இதுவும் போனால் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மாவிடமே கத்தினேன். அவர் என் மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“கட்டிக்கிட்டு வந்து இத்தன வருசத்துல, இதுக்குத்தானுங்க எம்பக்கத்துல வந்து உக்காந்தாரு. அதனாலதான் வாண்டாமுன்னு சொல்ல வாய் வரலீங்க.”

அந்த ஆள் மேல் அதுவரைக்கும் இருந்தது எரிச்சல். அந்த நிமிஷம் வந்தது வேறு. ஒரு பெண்ணை, தான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்வதற்கே கண்ணைக் கொடுக்க வேண்டிய நிலைமையில் வைத்திருந்த ஒரு மனுஷன், பெண்டாட்டியை அடித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். சீ என்று இருந்தது.

விளக்கமாகவே எழுதினேன். கணவர் தொடர்ந்து கண்ணை அழுத்துவதால் அழுத்தம் மூன்றுக்கு இறங்கியிருக்கிறது. நிறுத்தியபோது எட்டுக்கு ஏறியது. மறுபடி அழுத்தியதும் இறங்கியது. உடனே நிறுத்தாவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போகும். கீழே, யார் படித்தாலும் புரியும்படி தமிழில், பெரிய எழுத்தில்: கணவர் கை இந்தக் கண்ணருகே வரவே கூடாது. பிறகு அவரை மேலே வரச் சொல்லி அவர் கையிலேயே சீட்டைக் கொடுத்தேன்.

வாசித்தார். காது சிவந்துவிட்டது. பெண்டாட்டி கண் போகும் என்ற வரியைத் தாண்டி அவர் கண் ஓடிய இடம் ‘கணவர்’ என்ற வார்த்தை.

“ஏனுங், என்னைய எதுக்குங்க இதுல எழுதறீங்க? நாளைக்கு நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க? தானா எறங்கிருச்சுன்னு எழுதுங்க.”

தானாக இறங்கவில்லை, நீங்கள்தான் இறக்கினதாக நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள் என்றேன். அது வேறு, இது வேறு என்றார். அந்த வார்த்தையை மட்டும் அடித்துக் கொடுத்தால் போதும் என்று குரலைத் தணித்தார். பிறகு, தனக்கு இன்னாரைத் தெரியும், இன்னாரிடம் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா என்று குரலை உயர்த்தினார். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒரு எழுத்தை அடிக்க மாட்டேன் என்றேன். இனி நான் மாற்றி எழுத மாட்டேன் என்று தெரிந்ததும் சீட்டைக் கிழிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார்.

அந்த அம்மா எழுந்தார். அவர் கையிலிருந்து சீட்டை வாங்கி, நாலாக மடித்து, தன் பைக்குள் வைத்தார்.

“இருக்கட்டுங்க” என்றார். அவ்வளவுதான். இவர் வெறுங்கையை நீட்டியபடியே நின்றார். மனைவி பேசி முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம்.

அந்த அம்மா அங்கிருந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஓமலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. மாற்றுப் புடவைகூட எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அக்காவோடு வந்தார். எண் பதினொன்று. ஸ்கேனில் மடிப்புகள் பெரும்பாலும் விரிந்திருந்தன. பலகையில் கடைசிக்கு முந்திய வரி வரைக்கும் தானாகவே வாசித்தார். கோடுகள் இன்னும் லேசாக வளைகின்றன, அந்தக் கொஞ்சம் எப்போதும் இருக்கலாம். ஆனால் கண் தப்பித்துவிட்டது. அக்கா அழுதார், அந்த அம்மா அழவில்லை. அக்கா வீட்டுப் பேத்தியின் நோட்டைப் படித்ததைச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அந்த மனிதர் தனியாக வந்தார். டோக்கன் வாங்கிக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்து, யாருக்கும் வைத்தியம் சொல்லாமல் காத்திருந்தாராம். சட்டை கசங்கியிருந்தது. உள்ளே வந்ததும் எனக்கே ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. உட்காரச் சொன்னேன். அவளுக்குப் பிரஷர் இப்போது எவ்வளவு என்று கேட்டார். அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். போனை எடுப்பதில்லை என்றார். எடுக்கிறபோது கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்து போகவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார், இப்போது கேட்பார் என்று நானும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த நோயாளியைக்கூட கூப்பிடவில்லை.

“அந்தப் பேப்பர்ல என்னையப் பத்தி எழுதுனது, இன்னும் அப்பிடியேதான் இருக்குதுங்களா?” என்றார்.

இருக்கிறது என்றேன். எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகு நான் அந்த நாற்காலியைத் துடைக்கச் சொன்னேன். சின்னத்தனம்தான். செய்தேன்.

அந்த அம்மா மறுபடி வந்தது அதற்கடுத்த வாரம். இந்தத் தடவை அக்காவும் இல்லை, தனியாகவே ஓமலூரிலிருந்து சேலம் வந்து அங்கிருந்து பஸ் மாறி வந்திருந்தார். பஸ் போர்டைத் தானே படித்து ஏறியதாகச் சொன்னார். கண்ணுக்கு மரத்துப்போகிற சொட்டு விட்டுவிட்டு நான் மெஷினைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து கேட்டார்.

“அவரு இங்க வந்தாருங்களாமா?”

வந்தார் என்றேன்.

“கண்ணு தெரியுதான்னு கேட்டாருங்களா?”

கேட்டார் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். அந்த முகம் அதற்குத்தான் காத்திருந்தது. சொன்னால் அன்று சாயங்காலமே நாமக்கல் வீட்டுக்குப் போய்விடுவார், மறுநாள் காலையில் தீவனம் போட்டுவிட்டு அந்த ஆள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்வார்.

“பிரஷர் எவ்வளவுன்னு கேட்டாரும்மா. பேப்பர்ல அவரைப் பத்தி எழுதினது இருக்கான்னு கேட்டாரு.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கலம்மா.”

சொட்டு வழிந்ததா, என்ன வழிந்தது என்று தெரியவில்லை, முந்தானையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டார். பிறகு தானாகவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முகவாயை மெஷினில் வைத்தார்.

“சரிங்க. அப்ப நான் அக்கா ஊட்டுலயே இருந்துக்கறனுங்க. நீங்க பாருங்க.”